சாம்பிள் பார்க்காமல் ஆர்டரா? மணமகள் மேக்கப் புக் பண்ணும் முன் போட வேண்டிய கணக்கு

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். காலை 6 மணி முகூர்த்தம். கோவையிலிருந்து வர வேண்டிய மேக்கப் ஆர்ட்டிஸ்ட் நள்ளிரவு பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டார். ஒன்றேமுக்காலுக்கு மணப்பெண் வீட்டுக்கு போன் வருகிறது.

"ஏனுங்க, நான் தேர் நிக்கிற எடத்துகிட்ட நிக்கிறேனுங்க. மண்டபம் எந்தப் பக்கமுங்க?"

"தேரா? இங்க ஏதுங்க தேரு?"

அவர் நிற்பது அவிநாசியில். கல்யாணம் அவிநாசிபாளையத்தில்!

அவிநாசி, திருப்பூருக்கு வடக்கே கோவை - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அவிநாசிபாளையம், திருப்பூருக்குத் தெற்கே. கோவை - திருச்சி சாலையில் பொங்கலூரைத் தாண்டி காங்கேயம் போகும் வழியில், திருப்பூர் - தாராபுரம் சாலை வந்து சேரும் இடம். இரண்டு ஊருக்கும் நடுவே திருப்பூர் நகரமே படுத்திருக்கிறது. இது போதாதென்று பொங்கலூர் ஒன்றியத்தில் வடக்கு அவிநாசிபாளையம், தெற்கு அவிநாசிபாளையம் என இரண்டு ஊராட்சிகள். உள்ளூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இன்ஸ்டாவில் பார்த்து புக் செய்த வெளியூர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு, அந்த நேரத்தில் முக்கால் மணி நேரம் பறிபோகும் விஷயம்.

மண்டபத்தின் லொகேஷனை முன்பே அனுப்பியிருந்தால் தீர்ந்தது. ஆனால், மணமகள் அலங்காரத்துக்கு புக் செய்யும்போது பலரும் கேட்பது இரண்டே கேள்விகள்: "அந்தத் தேதி ஃப்ரீயா இருக்கீங்களா? எவ்வளவு ஆகும்?" போட்டோ பிடித்திருக்கிறது, தேதி கிடைத்துவிட்டது, அட்வான்ஸ் போட்டாச்சு. அவ்வளவுதான் புக்கிங்.

இத்தனைக்கும் திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆர்டரை எப்படி முடிக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு டி-ஷர்ட் ஆர்டர் என்றால் முதலில் சாம்பிள் போகும். துணியின் கலருக்கு லேப் டிப் போகும். அளவுக்கு ஸ்பெக் ஷீட் வரும். டெலிவரி தேதி எழுத்தில் இருக்கும். எல்லாம் ஓகே ஆன பிறகுதான் மெஷின் ஓடும். ஒரு டி-ஷர்ட்டுக்கு எடுக்கும் இந்தக் கவனத்தை மணப்பெண்ணின் முகத்துக்கும் எடுத்தால் போதும். கல்யாணக் காலையில் கண்ணீர் வராது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்துக்கு அப்பா பணம் கட்டுவார், நகைக்கு அம்மா சீட்டுப் போட்டிருப்பார். மேக்கப் மட்டும் பெரும்பாலும் பெண்ணின் சொந்தக் கணக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பணம். கல்யாணச் செலவில் அந்தப் பெண் தானே பேசி, தானே முடிவு செய்து, தானே பணம் கட்டுகிற ஒரே ஒப்பந்தம் இதுவாகக்கூட இருக்கலாம். அது சரியாக நடக்க வேண்டும் இல்லையா?

முதலில் மணி, அப்புறம் போட்டோ

முகூர்த்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இதுதான் முதல் வேலை.

முகூர்த்தம் 6 - 7.30 என்றால், பெண் மணமேடைக்கு 5.45-க்கு வர வேண்டும். அதற்கு முன் மணமகள் அறையில் போட்டோ, வீடியோவுக்கு அரை மணி நேரம். ஆக, 5.15-க்கு முழுதாகத் தயாராகிவிட வேண்டும். நகை போட்டுப் பூ வைக்க அரை மணி நேரம், பட்டுச்சேலை மடிப்பு எடுத்துக் கட்ட அரை மணி நேரம், முகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், தலைக்கு முக்கால் மணி நேரம், முகத்தைச் சுத்தம் செய்து மாய்ஸ்சரைசர் போட்டு ஊறவிட கால் மணி நேரம். கூட்டிப் பாருங்கள். பெண் நாற்காலியில் உட்கார வேண்டிய நேரம் அதிகாலை 2 மணி!

முகூர்த்தம் 4.30 - 6 என்றால் இது நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிடும். முந்தின நாள் ரிசப்ஷன் பத்தரைக்கு முடிந்தால், அதைக் கலைத்து, தலையிலிருக்கும் ஹேர் ஸ்பிரேயை அலசி, குளித்து வரவே நேரம் சரியாக இருக்கும். தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், 'ரிசப்ஷனை ஏழு மணிக்கே ஆரம்பிப்போம்', 'ரிசப்ஷனுக்கு ஸ்பிரே அதிகம் இல்லாத எளிமையான ஹேர் ஸ்டைல் போதும்' என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கலாம். எந்த விலை உயர்ந்த ஃபவுண்டேஷனும் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாகாது.

சடங்குகளின் பட்டியலையும் ஆர்ட்டிஸ்ட்டிடம் கொடுங்கள். கொங்கு வேளாளர் கல்யாணத்தை அருமைக்காரர் நடத்துவார். வேறு சமூகங்களில் ஐயர் நடத்துவார், பெரியவர்கள் நடத்துவார்கள். பெண் எத்தனை முறை மேடைக்கு வர வேண்டும், நடுவில் கூறைப்புடவை மாற்ற வேண்டுமா, மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் தருவார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். புடவை மாற்ற பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஆர்ட்டிஸ்ட் மண்டபத்தில் இருப்பாரா, அல்லது முதல் அலங்காரம் முடிந்ததும் கிளம்பிவிடுவாரா? பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. இணைச்சீரில் உட்காரும் மாப்பிள்ளையின் சகோதரிக்கும் அதே ஆர்ட்டிஸ்ட்தான் என்றால், அவருக்கான நேரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

ஒரே முகூர்த்தம், எத்தனை மணப்பெண்?

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், நல்ல கிழமை, அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்று வடிகட்டினால் கையில் நிற்பது சில நாட்கள்தான். எல்லோருக்கும் அதே நாட்கள்தான் வேண்டும். மண்டபம், சமையல், போட்டோகிராபர் எல்லாரும் கிராக்கி ஆவது போலவே மேக்கப்பும்.

அப்படியான நாளில் ஒரே ஆர்ட்டிஸ்ட் இரண்டு, மூன்று மணப்பெண்களை ஒப்புக்கொள்வதும் உண்டு. இதில் தவறில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால்! ஒருவருக்குத் தானே செய்வார், இன்னொருவருக்கு உதவியாளரை அனுப்புவார். உதவியாளரும் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் ரசித்த போட்டோக்கள் யார் கைவண்ணம், கட்டிய பணம் யாருடைய கைக்கு என்பது தெளிவாக வேண்டும். "என் முகத்துக்கு யாருங்க மேக்கப் போடுவாங்க? நீங்களா, உங்க டீம்ல வேற ஆளா? அன்னைக்கு வேற கல்யாணம் ஒப்புக்கிட்டிருக்கீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். நல்ல ஆர்ட்டிஸ்ட் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். "உங்களுக்குத் திடீர்னு காய்ச்சல் வந்துட்டா?" பதிலுக்கு ஒரு பெயர் வர வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்பது பதிலாகாது.

உள்ளூரிலேயே ஆள் இருந்தால் அவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்லடம், காங்கேயம், திருப்பூரிலிருந்து வருபவருக்கும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோவையிலிருந்து வருபவருக்கும் பயணச் செலவு வேறு, நேரக் கணக்கும் வேறு. தூரத்திலிருந்து வருபவரென்றால் முந்தின இரவே வந்து தங்குவாரா, தங்கும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது.

முகத்துக்கும் உண்டு லேப் டிப்

"ஏங் கண்ணு, இதுக்கெதுக்கு ட்ரையலு? அன்னைக்கு வந்து போட்டா ஆவாதா? வீண் செலவு" என்று அம்மாக்கள் சொல்வதுண்டு. ட்ரையலுக்குச் சிலர் தனியாகப் பணம் வாங்குவார்கள், சிலர் பேக்கேஜிலேயே சேர்ப்பார்கள். தனிப் பணம் என்றாலும் அது வீண் செலவில்லை.

சாய ஆலையில் ஒரு கலருக்கு லேப் டிப் எடுக்கும்போது ஒரே விளக்கில் பார்த்து ஓகே சொல்ல மாட்டார்கள். பகல் வெளிச்சம், கடை விளக்கு என்று வெவ்வேறு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஓர் ஒளியில் பொருந்தும் கலர் இன்னோர் ஒளியில் பொருந்தாமல் போகும். ஃபவுண்டேஷனும் அப்படித்தான். பார்லர் விளக்கில் அழகாகத் தெரிந்த முகம், காலை வெயிலில் சாம்பல் பூசியதுபோலத் தெரியலாம்.

அதனால், ஷேடைக் கையில் தேய்த்துப் பார்க்காதீர்கள். தாடையில் ஒரு கோடு போட்டு, கழுத்தோடு சேருகிறதா என்று வாசலுக்கு வந்து பாருங்கள். அப்படியே போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். சிலிகா அதிகமுள்ள சில பவுடர்கள் நேரில் தெரியாது. ஃப்ளாஷ் பட்டதும் கண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கல்யாண ஆல்பத்தில் அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

ட்ரையல் போட்ட முகத்தோடு நான்கைந்து மணி நேரம் இருங்கள். வீட்டு வேலை பாருங்கள், வியர்க்கட்டும். துணிக்குச் சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்ப்பதில்லையா? அதேபோல ஒரு வெள்ளைத் துணியால் கன்னத்தை ஒற்றிப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் கண் கலங்கும். மை கரையுமா என்பது அதற்கு முன்பே தெரிய வேண்டும்.

ட்ரையலுக்குப் போகும்போது முகூர்த்தச் சேலையின் பிளவுஸையும் நெத்திச்சுட்டியையும் எடுத்துப் போங்கள். நலங்கு எப்போது என்றும் சொல்லிவிடுங்கள். மஞ்சள் பூசிய தோலில் ஓரிரு நாள் மஞ்சள் சாயல் நிற்கும். ட்ரையலில் பொருந்திய ஷேடு அன்றைக்குச் சற்று மாறித் தெரியக் காரணம் அதுதான்.

'எச்டி', 'ஏர்பிரஷ்' என்று பேக்கேஜ் பெயர்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஏர்பிரஷ் என்பது சின்ன கம்ப்ரஸர் மூலம் ஃபவுண்டேஷனை மெல்லிய சாரலாகத் தெளிப்பது. எச்டி என்பது கேமராவில் திட்டுத்திட்டாகத் தெரியாத, நைஸான பொருட்களைப் பிரஷ்ஷாலோ ஸ்பாஞ்சாலோ போடுவது. பெயரைவிட உங்கள் தோலில் எது நிற்கிறது என்பதே முக்கியம். அதற்கும் ட்ரையல்தான் பதில்.

'ரெண்டு ஷேடு வெள்ளையா' வேண்டாமே!

பல வீடுகளில் ஆர்ட்டிஸ்ட்டிடம் சொல்லப்படும் முதல் வாசகம், "புள்ளய கொஞ்சம் கலராக் காட்டுங்க." சொல்பவர்களுக்கு அது ஆசை. கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, 'நீ இப்போது இருப்பது போதாது' என்ற செய்தி.

முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறொரு நிறம் என்று ஆல்பம் முழுக்கத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வாசகம்தான். ஆகவே மணப்பெண்ணே முந்திக்கொண்டு, "என் கலரிலேயே போடுங்க அக்கா" என்று சொல்லிவிடலாம். ஆர்ட்டிஸ்ட்டின் பக்கத்தில் உங்கள் நிறத்துப் பெண்களுக்குப் போட்ட அலங்காரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மாநிறப் பெண்களுக்கும் கறுப்பான பெண்களுக்கும் போட்ட போட்டோ ஒன்றுகூட இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான். எடிட் செய்யாத, பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவைக் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே பெயர் தெரியாத 'வெளுப்பு க்ரீம்' வாங்கிப் பூசுவது இன்னும் ஆபத்து. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் போய் நின்ற இடம், க்ரீமில் கலந்திருக்கும் பாதரசம். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் தோல் வெளுக்கும். அதுவே தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

லேபிளில் தயாரிப்பாளரின் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாத டப்பா, யார் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்ட்டிஸ்ட்டின் மேக்கப் பெட்டியிலும் இதே பார்வை பார்க்கலாம். தப்பில்லை.

48 மணி நேரப் பரீட்சை

புதிய பொருள் எதையும் கல்யாணத்தன்று முதன்முறையாக முகத்தில் போடக் கூடாது. ஃபவுண்டேஷன், பொய் இமை ஒட்டும் பசை, முடிக்குப் போடும் சாயம் எதுவானாலும் முன்கையின் உட்புறத்திலோ காதுக்குப் பின்னாலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் வேறு பொருள். ஃபேஷியல், ப்ளீச்சை எல்லாம் கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி நாளில் புதிதாக எதையும் தொடக் கூடாது.

மருதாணியிலும் கவனம் தேவை. இயற்கை மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் அடர்ந்த பழுப்பாக மாறும். அதனால்தான் இரண்டு நாள் முன்பே வைக்கச் சொல்கிறார்கள். 'வைத்த அரை மணியில் கறுப்பாகும்' என்று விற்கும் கோன்களில் பிபிடி எனும் முடிச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம். கை கொப்பளித்துப்போகும் அளவுக்கு அது அலர்ஜி தரும். கான்டாக்ட் லென்ஸ் வைப்பதென்றால் உங்களுக்கென்றே வாங்கிய புது ஜோடியாக இருக்க வேண்டும். இன்னொருவர் போட்டுக் கழற்றியதைக் கண்ணில் வைக்கவே கூடாது.

பேக்கேஜ் என்றால் என்னென்ன?

ஒருவர் 15,000 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 22,000 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர்தான் மலிவு என்று முடிவு செய்வதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சேலை கட்டுவது சேர்ந்ததா? சவுரி, இமை, லென்ஸ்? பூ ஜடை யார் செலவு? செட் நகை வாடகையா, அதற்கு டெபாசிட் உண்டா? பயணச் செலவு? அதிகாலைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா? இவற்றையெல்லாம் கூட்டினால் 15,000 எளிதாக 22,000-ஐத் தாண்டிவிடும்.

பூவுக்குத் தனிக் கவனம் வேண்டும். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் முகூர்த்த நாட்களில் எங்கேயோ போய்விடும். பூ ஜடைக்கு முன்பே சொல்லி வைத்து, எத்தனை மணிக்கு யார் போய் வாங்கி வருவார் என்பதையும் முடிவு செய்யுங்கள். அதிகாலை 4.30-க்குத் தலைக்கு வைக்க வேண்டிய பூ, 5.30-க்கு வந்து சேர்ந்தால் மொத்த நேரக் கணக்கும் குலைந்துவிடும்.

வரி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அழகு நிலையச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. யாராவது இன்னும் 18 சதவிகிதம் போட்டால் கேள்வி கேளுங்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஆர்ட்டிஸ்ட்டுகள் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கவும் முடியாது.

வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்

பத்திரம் எல்லாம் தேவையில்லை. கீழே இருப்பதை ஒரே மெசேஜாக அனுப்பி, "சரிங்க, உறுதி" என்று பதில் வாங்கினாலே போதும்.

* தேதி, முகூர்த்த நேரம், ஆர்ட்டிஸ்ட் மண்டபத்துக்கு வர வேண்டிய நேரம்
* மண்டபத்தின் பெயர், லொகேஷன் பின், மணமகள் அறைச் சாவி யாரிடம் என்ற விவரம், அவருடைய போன் நம்பர்
* மேக்கப் போடுபவர் யார், அவர் வர முடியாவிட்டால் மாற்று யார்
* எத்தனை அலங்காரம், எத்தனை பேருக்கு, புடவை மாற்றும்போது இருப்பாரா
* என்னென்ன சேர்ந்தது, எதற்குத் தனிப் பணம்
* மொத்தம், அட்வான்ஸ், மீதி எப்போது
* தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், ரத்தானால் எவ்வளவு திரும்பும்
* போட்டோ, வீடியோவை இன்ஸ்டாவில் போட உங்களுக்குச் சம்மதமா

கடைசி விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. மேக்கப்புக்கு முன் எடுத்த முகம் ஊர் முழுக்கச் சுற்றுவது எல்லாருக்கும் பிடிக்காது. வேண்டாம் என்றால் முன்பே சொல்லுங்கள். அட்வான்ஸை யுபிஐ-யில் அனுப்பி, குறிப்பில் கல்யாணத் தேதியைப் போடுங்கள். அதுவே ரசீது மாதிரி நிற்கும்.

அதேபோல ஒருநாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போய் மணமகள் அறையைப் பாருங்கள். கண்ணாடி முன்னால் வெள்ளை விளக்கு இருக்கிறதா? முடி சூடாக்கும் மெஷினுக்கு பிளக் வேலை செய்கிறதா? ஜெனரேட்டர் அந்த அறைக்கும் சேர்த்தா? அதிகாலை 2 மணிக்கு வாட்ச்மேன் கதவைத் திறப்பாரா? இவை எதுவும் ஆர்ட்டிஸ்ட்டின் பொறுப்பில்லை. கல்யாண வீட்டின் பொறுப்பு.

அவங்க பக்கமும் ஒரு கணக்கு இருக்கு

மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுகளில் பலர் தனியாகத் தொழில் நடத்தும் பெண்கள். இந்தத் தொழிலின் ஒரு பகுதியையே நீதிமன்றம் போய்த்தான் பெண்கள் பெற வேண்டியிருந்தது. இந்தி சினிமாவில் மேக்கப் ஆண்களுக்கு மட்டும், பெண்கள் சிகை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்று தொழிற்சங்கம் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு வைத்திருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குத் தொடுத்து, 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொன்ன பிறகே நிலைமை மாறியது.

நம் ஊர் கல்யாண வீட்டில் அவர்களுக்கு வேறு மாதிரி சிரமம். ஒரு பெண்ணுக்கு என்று பேசிவிட்டு, "அப்படியே அத்தைக்கும் சித்திக்கும் கொஞ்சம் போட்டு விடுங்கம்மா" என்று வரிசையில் உட்கார்ந்தால், நேரம் போவது மணப்பெண்ணுக்குத்தான். கல்யாணம் தள்ளிப்போனதைக் கடைசி வாரத்தில் சொன்னால், அந்த முகூர்த்தத்துக்கு அவர் மறுத்த இன்னொரு புக்கிங் திரும்பி வராது. அட்வான்ஸ் என்பது அந்த நாளை உங்களுக்காக ஒதுக்கி வைத்ததற்கான பணம். மீதியை 'மொய் எண்ணி முடிச்சுத் தர்றோம்' என்று இழுக்காமல், பேசியபடி கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் வந்தவருக்கு ஒரு டம்ளர் காபியும், விடிந்ததும் ஒரு பந்திச் சாப்பாடும் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம்தானே!

சொன்னபடி நடக்காவிட்டால்?

அட்வான்ஸ் வாங்கிவிட்டு வராமல் போவது, பேசிய ஆள் வராமல் முன்னறிவிப்பின்றி வேறு ஆளை அனுப்புவது எல்லாம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடாக முறையிடக்கூடியவை. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்னை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அப்போது கைகொடுக்கப்போவது அந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜும் யுபிஐ குறிப்பும்தான்.

எப்போது என்ன?

தேதி குறித்து மண்டபம் கிடைத்த அன்றே மேக்கப்புக்கும் தேடத் தொடங்குங்கள். இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள், அவர்கள் அலங்கரித்த பெண் ஒருவரிடம் விசாரியுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் ட்ரையல். ஒரு மாதத்துக்கு முன் சடங்குப் பட்டியலும் நேரக் கணக்கும். ஒரு வாரத்துக்கு முன் எல்லாவற்றையும் மறுபடி ஒரு மெசேஜ். இரண்டு நாளுக்கு முன் மருதாணி. முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எண்ணெய்த் தலையில் பின்னும் நிற்காது, கொண்டையும் நிற்காது. அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு போன்: "அக்கா, அவிநாசி இல்லீங்க... அவிநாசிபாளையமுங்க. லொகேஷன் மறுபடி அனுப்பியிருக்கேன், பாத்துக்கங்க."

இவ்வளவும் முடித்துவிட்டால், செக்கிங் டேபிளில் ஆயிரக்கணக்கான டி-ஷர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேர்வு செய்த அந்தப் பெண், கல்யாணத்தன்று கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது ஒன்று நடக்கும். பூவும் பட்டும் பொட்டுமாக எதிரே உட்கார்ந்திருப்பது யாரோ ஒரு சினிமாக்காரி மாதிரி தெரியாது. தன் முகமே, தன் நிறத்திலேயே, இதுவரை பார்த்ததிலேயே அழகாகத் தெரியும். சேர்த்து வைத்த வாரச் சம்பளத்துக்கு அவ்வளவும் கிடைக்கத்தான் வேண்டும்.